வெப்பத்துக்குக் கணக்குக் கேட்டவர் ரூடால்ஃப் டீசல்



ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாம் ஒரு ஜெர்மன்காரரின் பெயரைச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சேலம், நாமக்கல் பக்கம் பிறந்தவர்கள் சாமி பெயருக்கு அடுத்தபடி அதிகம் சொல்லும் பெயர் அதுவாகத்தான் இருக்கும். பங்க்கில் வண்டியை நிறுத்தி அந்தப் பெயரைச் சொல்கிறோம். விலை ஏறினால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் புலம்புகிறோம். ஆம், டீசல்! அது ஏதோ எண்ணெயின் பெயர் என்றுதான் பாதிப் பேர் நினைப்பு. இல்லை நண்பர்களே, அது ஒரு மனிதரின் பெயர். ரூடால்ஃப் டீசல் என்ற எஞ்சினியருக்கு அவர் அப்பா வழியாக வந்த குடும்பப் பெயர்.

நாமக்கல் டேங்கரும், சங்ககிரி லாரியும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் அவர் பெயரால்தான் ஓடுகின்றன. கரண்ட் கம்பி வராத காலத்தில் நம்ம தாத்தாக்களின் கிணற்று மேட்டில் டப் டப் என்று அடித்துத் தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜினும் அவர் வழி வந்ததுதான். ஆனால் அவர் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடத்தில் டீசல் சைக்கிள் வரும், பி-வி டயகிராம் வரும், பரீட்சையில் கேள்வியும் வரும். மனிதர் மட்டும் வரமாட்டார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்க அப்பா கிளீனராய்ச் சேர்ந்து டிரைவர் ஆனவர். எங்கள் குடும்பத்துக்கே சோறு போடுகிற இந்த மனிதரைப் பற்றி நம் ஆண்டு மலரில் நாலு பக்கம் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுதான் இக்கட்டுரை.

கைவண்டி தள்ளிய பையன்

ரூடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18ல் பிரான்ஸ் நாட்டுப் பாரிஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா தியோடர், ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் ஊர்க்காரர். புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில் கற்று, பிழைப்புத் தேடிப் பாரிஸ் வந்து, தோல் சாமான் செய்து விற்றவர். செய்த சாமானைக் கைவண்டியில் ஏற்றி வாடிக்கைக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சின்னப் பையன் ரூடால்ஃபின் வேலை. தறிப் பட்டறையிலும் கோழிப் பண்ணையிலும் பள்ளி விட்ட நேரத்தில் கை கொடுத்து வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன?

படிப்பிலும் பையன் கெட்டிதான். 12 வயதில் பள்ளியில் வெண்கலப் பதக்கம் வாங்கினான். அதே 1870ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் சண்டை மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் கடல் தாண்டி லண்டன் போனது. அங்கே பிழைப்பு இன்னும் மோசம். ஒரு வயிறாவது குறையட்டும், படிக்கிற பிள்ளை படிக்கட்டும் என்று, 12 வயசுப் பையனைத் தனியாக ஆக்ஸ்பர்க்குக்கு, உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். வீட்டுக்காரர் பார்னிக்கல் அங்குள்ள தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் நிழலில்தான் டீசல் வளர்ந்தார். 14 வயதிலேயே தான் எஞ்சினியர் ஆகப் போவதாக அப்பா அம்மாவுக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

1875ல் முனிச் நகரப் பாலிடெக்னிக்கில் படிக்க அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. (அந்தக் காலத்து ஜெர்மனியில் பாலிடெக்னிக் என்றால் இன்றைய பொறியியல் பல்கலைக்கழகத்துக்குச் சமம்.) இங்கேதான் ஒரு சிக்கல். படித்தது போதும், வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்கட்டும் என்பது பெற்றோர் எண்ணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கஷ்டம் அப்படி. ஆனால் டீசல் அவர்கள் விருப்பத்தை மீறி முனிச் போனார். நம் வகுப்பிலும் பத்தாவது முடித்ததும் இதே பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறோம். அதனால்தான் இந்த இடம் எனக்கு மனசில் ஒட்டிக்கொண்டது.

ஒரு வகுப்பு, ஒரு கேள்வி

முனிச்சில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் கார்ல் ஃபான் லிண்டே. ஐஸ் மிஷின், குளிர்பதனம் என்று நாம் படிக்கிற பாடத்துக்கெல்லாம் அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர். லிண்டே ஒருநாள் வகுப்பில், அன்றைய நீராவி என்ஜின்கள் எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று விளக்கினார். மற்ற மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். டீசலுக்கு மட்டும் அது உறுத்தியது. நூறு ரூபாய்க்குக் கரி வாங்கிப் போட்டால் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் புகையாகவும் ஆவியாகவும் போகிறதே, இது என்ன நியாயம்? அந்த ஒரு கேள்விதான் அவர் ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

1879ல் கடைசிப் பரீட்சை வந்த சமயம் அவரை டைஃபாய்டு போட்டுப் படுக்க வைத்தது. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். டீசல் இடிந்து உட்காரவில்லை. அடுத்த பரீட்சை வரும்வரை ஸ்விட்சர்லாந்தில் சுல்சர் கம்பெனியின் பட்டறையில் போய் வேலை கற்றார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றார். ஒரு செமஸ்டர் போனால் உலகமே போச்சு என்று நினைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

ஐஸ் கம்பெனியில் வெப்பக் கனவு

படிப்பு முடிந்ததும் லிண்டேயே அவருக்கு வேலை கொடுத்தார். பாரிஸில் ஐஸ் ஆலை அமைக்கிற வேலை. சம்பளம் வந்தது, 1883ல் கல்யாணமும் ஆனது. ஆனால் அந்தக் கேள்வி தூங்கவில்லை. நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியில் ஓடும் என்ஜின் ஒன்றைச் செய்து பார்க்கப் பல வருடம் போராடினார். கைகூடவில்லை. 1890ல் லிண்டே கம்பெனி வேலையாகவே பெர்லின் நகரத்துக்கு மாறினார். பகலில் குளிரை உண்டாக்கும் வேலை, ராத்திரியில் வெப்பத்தைப் பற்றிய கணக்கு!

கடைசியில் அவர் பிடித்த வழி இதுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? காற்றை அழுத்தினால் சூடாகும். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் விட்டு, அதைப் பதினைந்து, இருபது மடங்கு சுருக்கினால், எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது கொதிக்கும். அந்த நேரம் பார்த்து எரிபொருளை உள்ளே பீய்ச்ச வேண்டும். ஸ்பார்க் பிளக் வேண்டாம், வெளித் தீ வேண்டாம். சுருக்கம் கூடக் கூட வீணாகும் வெப்பம் குறையும். 1892 பிப்ரவரியில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த வருடம் அது கையில் கிடைத்தது. வெப்ப என்ஜினின் தத்துவம் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார்.

தொப்பியைக் கழற்றிய மெக்கானிக்

காகிதம் வேறு, பட்டறை வேறு என்பது நமக்குத் தெரியும். டிராயிங்கில் அழகாய் இருக்கும், லேத்தில் கழுத்தை அறுக்கும். டீசலுக்கும் அதே கதைதான். ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையின் தலைவர் ஹைன்ரிஷ் ஃபான் பூஸ் இடமும் ஆட்களும் கொடுத்தார். க்ருப் கம்பெனி பணம் கொடுத்தது. 1893 ஆகஸ்டு 10ல் முதல் சோதனை. எரிபொருள் உள்ளே போனதும் பெரிய வெடிச் சத்தம். அழுத்தம் அளக்கும் இண்டிகேட்டர் சிதறிப் பறந்தது. ஆனால் டீசல் அதில் ஒரு நல்ல சேதியைப் பார்த்தார். வெடித்தது என்றால் தானாகப் பற்றியது என்று அர்த்தம். தத்துவம் சரி!

இன்னொரு விஷயம். தன் என்ஜின் வெப்பத்தை வீணாக்காது என்ற நம்பிக்கையில், முதல் என்ஜினுக்குத் தண்ணீர் ஜாக்கெட்டே அவர் வைக்கவில்லை. பிறகுதான் நெருப்பைத் தாங்க எந்தச் சிலிண்டரானாலும் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடியே தீரவேண்டும் என்று ஒத்துக்கொண்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1894 பிப்ரவரி 17. வெளியிலிருந்து பெல்ட் போட்டு என்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பெல்ட் தளர்ந்ததைக் கவனித்தார் லிண்டர் என்ற மெக்கானிக். பெல்ட் என்ஜினை இழுக்கவில்லை, என்ஜின்தான் பெல்ட்டை இழுக்கிறது! பேசாமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி டீசலுக்கு வணக்கம் வைத்தார். அன்று அது ஓடியது சுமார் ஒரு நிமிடம், 88 ஆர்.பி.எம். வேகத்தில். உலகத்தின் முதல் டீசல் என்ஜின் ஓடியதை முதலில் கண்டுகொண்டது பேராசிரியர் அல்ல, கையில் கிரீஸ் ஒட்டிய ஒரு தொழிலாளி.

அதற்கப்புறமும் மூன்று வருடம் உழைப்பு. 1897 பிப்ரவரி 17ல் முனிச் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து முறைப்படி சோதித்தார். ஒரே சிலிண்டர், 154 ஆர்.பி.எம்., சுமார் 18 குதிரைத்திறன். எரிபொருள் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. பத்துக்கும் கீழே கிடந்த உலகத்தில் இருபத்தாறு! அந்த என்ஜின் இன்றும் முனிச்சில் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது.

நம் தெர்மல் லேபில் ரோப் பிரேக்கில் எடை மாட்டி ஹீட் பேலன்ஸ் ஷீட் எழுதுகிறோமே, அது அவர் கேட்ட அதே கேள்விதான். உள்ளே போன வெப்பம் எவ்வளவு? வேலைக்குப் போனது எவ்வளவு? ஜாக்கெட் தண்ணீரில் போனது எவ்வளவு? புகையில் போனது எவ்வளவு? கணக்கில் வராதது எவ்வளவு? சீனியர் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பி அடிக்கவேண்டிய அட்டவணை அல்ல அது. ஒரு மனிதர் இருபது வருடம் கண் விழித்த கணக்கு.

டீசல் வண்டியில் ஹீட்டர் ஏன் மந்தம்?

இந்தக் கணக்கு ரெக்கார்டு நோட்டோடு முடிவதில்லை, ரோட்டுக்கும் வரும். நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு என்று சிரிக்காதீர்கள். கத்திரி வெயிலில் நம்ம கேபினே ஹீட்டர்தான். ஆனால் நேஷனல் பர்மிட் லாரி மார்கழியில் பஞ்சாப், ஜம்மு என்று போகும்போது டிரைவரின் கை ஸ்டியரிங்கில் விறைத்துப்போகும். கண்ணாடியில் பனி படிந்து ரோடு தெரியாது. அங்கே ஹீட்டர் சொகுசு அல்ல, உயிர். ஊட்டிக்குப் பழைய காரில் போனாலும் விடியக்காலையில் இது தெரியும்.

ஹீட்டர் தனியாக எதையும் எரிப்பதில்லை. என்ஜின் ஜாக்கெட்டில் சூடான தண்ணீரில் ஒரு பங்கை, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள குட்டி ரேடியேட்டருக்கு அனுப்பி, அதன் மேல் ஃபேன் காற்றை அடிக்கிறது. டீசல் முதலில் வேண்டாம் என்று விட்டு, பிறகு வேறு வழியில்லாமல் வைத்த அதே ஜாக்கெட் தண்ணீர்தான்! அவர் வழியில் வந்த என்ஜின் வெப்பத்தைக் குறைவாக வீணாக்குகிறது. ஐடிலிங்கில் எரிக்கும் எண்ணெயும் ரொம்பக் கொஞ்சம். அதனால் பெட்ரோல் வண்டியை விட டீசல் வண்டியில் ஹீட்டர் சூடாக நேரமாகும். குளிர் நாடுகளில் புது டீசல் கார்களுக்குத் துணைக்கு மின்சார ஹீட்டர் வைக்கிறார்கள். இப்போது வரும் பேட்டரி கார்களில் வீண் வெப்பம் இன்னும் குறைவு. கேபின் சூட்டுக்குப் பேட்டரியில் இருந்துதான் எடுக்க வேண்டும், அதனால் ஓடும் தூரம் குறையும்.

ஆனால் பழைய வண்டியில் ஹீட்டர் ரொம்பவே மந்தமானால் அது ரிப்பேர். அதையும் டீசல் மாதிரியே தேட வேண்டும். சூடு எங்கே கிளம்பியது, எங்கே காணாமல் போனது என்று வழியோடு போக வேண்டும்.

முதலில் என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் பாருங்கள். (சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது.) தண்ணீர் குறைந்தால் முதலில் காற்று புகுவது ஹீட்டர் பக்கம்தான்.

அடுத்து, இருபது நிமிடம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் ஏறவில்லையா? தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது, அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை. நம்ம பக்கம் வண்டி கொதிக்கிறது என்று போனால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அனுப்புகிற பழக்கம் உண்டு. கொதிப்பு நிற்கும். ஆனால் என்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வராது, எண்ணெய்ச் செலவு கூடும், தேய்மானம் கூடும், ஹீட்டர் செத்தே போகும். வடக்கே போகும் டிரைவர்கள் ரேடியேட்டர் முன்னால் அட்டையைச் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தற்காலிக வைத்தியம். தெர்மோஸ்டாட் மாட்டுவதுதான் நிரந்தரம்.

முள் சரியாக ஏறினால் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும், ஃபேனில் கை படாமல், தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு இன்னொன்று ஜில்லென்று இருந்தால் தண்ணீர் உள்ளே சுற்றவில்லை. ஹீட்டர் காக் திறக்கவில்லை, அல்லது காற்று அடைப்பு, அல்லது உப்புப் படிவு. நம்ம போர் தண்ணீரின் லட்சணம் வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். அதைத்தான் வருடக்கணக்காய் ரேடியேட்டரிலும் ஊற்றுகிறோம்! காற்று அடைப்புக்கு, ஆறிய வண்டியின் முன்பக்கத்தை மேடாக நிறுத்தி, மூடியையும் ஹீட்டர் காக்கையும் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி அடங்கும் வரை நிரப்ப வேண்டும். உப்புக்கு, ஹோஸைக் கழற்றி மெதுவான வேகத்தில் எதிர்ப்பக்கமாய் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்ற வேண்டும்.

இரண்டு ஹோஸும் சுடுகிறது, ஆனாலும் காற்று சூடில்லையா? தண்ணீரில் குற்றமில்லை. ஃபேன் மோட்டார், காற்றுக் கதவின் கேபிள், உள்ளே அடைத்த இலை தழை இவற்றைப் பாருங்கள். இந்த வரிசையில் போனால் வீணாய் எந்தப் பார்ட்ஸும் வாங்க வேண்டியதில்லை.

அவருடைய சொந்தக் கணக்கு

1897க்குப் பிறகு டீசல் வீட்டில் பணம் கொட்டியது. பல நாட்டுக் கம்பெனிகள் உரிமை வாங்கின. அமெரிக்காவின் அடால்ஃபஸ் புஷ் மட்டும் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜினுக்கு மிகப் பெரிய பரிசு. அங்கே ஒரு சிறிய டீசல் என்ஜின் எதில் ஓடியது தெரியுமா? கடலை எண்ணெயில்! நம்ம மானாவாரிக் காட்டில் விளைகிற அதே நிலக்கடலைதான். விவசாயி தன் காட்டில் விளைந்த எண்ணெயிலேயே என்ஜின் ஓட்டும் காலத்தைப் பற்றி டீசல் பிற்காலத்திலும் பேசியிருக்கிறார்.

ஆனால் வெளியே தெரியாத இன்னொரு பக்கம் இருந்தது. அவசரமாகச் சந்தைக்கு வந்த ஆரம்பகால என்ஜின்கள் பழுதாகி வாங்கியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். காப்புரிமை வழக்குகள் வேறு. உடம்பும் மனசும் தளர்ந்து சிகிச்சைக்குப் போனார். நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட பணம் போனது. முனிச்சில் கட்டிய மாளிகை மட்டும் பகட்டாய் நின்றது. உள்ளே கடன் ஏறிக்கொண்டிருந்தது. அதை அவர் மனைவியிடம்கூட முழுசாய்ச் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29 மாலை, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் இருந்து இங்கிலாந்து போகும் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நண்பர்களோடு சாப்பிட்டார். காலையில் எழுப்பச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கை கலையவில்லை. பத்து நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலில் இருந்த பொருட்களை அவர் மகன் அடையாளம் காட்டினார். வயது 55. என்ன நடந்தது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. கடன் பாரம் தாங்காமல் அவரே எடுத்த முடிவு என்பது பலரின் கருத்து.

அவர் என்ஜின் லாரியில் ஏறியதை அவர் பார்க்கவே இல்லை. அவர் காலத்தில் எண்ணெயைப் பீய்ச்சப் பெரிய கம்ப்ரசர் தேவைப்பட்டது. ஆலைக்கும் கப்பலுக்கும்தான் அது சரிப்பட்டது. ஜெர்மனியில் 1923, 1924ல்தான் டீசல் லாரிகள் வந்தன. 1927ல் பாஷ் கம்பெனியின் இன்ஜெக்ஷன் பம்ப், 1936ல் பென்ஸின் டீசல் கார். நம் நாட்டில் 1954ல் பென்ஸ் கூட்டோடு ஜாம்ஷெட்பூரில் டாடா லாரி, 1955ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர் கம்பெனி. அவற்றின் சேஸிஸ் நாமக்கல் வந்து பாடி கட்டி, ஊர் ஊராய்ப் போனது. அந்தச் சக்கரத்தில்தான் நம்மில் பலர் வீட்டு அடுப்பு எரிகிறது.

நண்பர்களே, உலகத்து வெப்பத்துக்கெல்லாம் கணக்குக் கேட்ட மனிதர், தன் வீட்டுக் கணக்கை யாரிடமும் காட்டாமல் போனார். இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. நம்மிலும் கல்விக் கடன் வாங்கியவர்கள் இருக்கிறோம். தாலிக்கொடியை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய அம்மாக்கள் இருக்கிறார்கள். அரியர் விழுந்ததை வீட்டில் சொல்லப் பயந்து ஹாஸ்டலில் முடங்கிக் கிடக்கும் நண்பனும் இருப்பான். பேலன்ஸ் ஷீட்டில் கணக்கில் வராதது என்று ஒரு பத்தி இருக்கிறதே, மனசுக்குள் அந்தப் பத்தியைப் பெரிசாக வளர விடாதீர்கள். நண்பனிடம் சொல்லுங்கள், வாத்தியாரிடம் சொல்லுங்கள், அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள், அப்புறம் சோறு போட்டு வழி சொல்வார்கள். அடுத்த பெஞ்சில் ஒருத்தன் நாலு நாளாய்ப் பேசாமல் இருந்தால், நாமே போய்த் தோளில் கை போட்டு என்னடா என்று கேட்போம்.

அடுத்த வாரம் லேபில் ஹீட் பேலன்ஸ் ஷீட் எழுதும்போது, ஆக்ஸ்பர்க் பட்டறையில் தொப்பியைக் கழற்றிய அந்த மெக்கானிக்கை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். ரீடிங்கை நாமே எடுத்து, நாமே எழுதுவோம்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை